போடன் வயரின் கதை: பிறேக்கிலிருந்து ஆசனத்தண்டு வரை

நல்லதொரு மின்சார மலைச் சைக்கிளை ஐரோப்பாவில் வாங்குவதற்கு, பழைய மோட்டார் கார் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் மோட்டார் உண்டு, மின்கலம் உண்டு, வேகத்தைக் காட்டும் திரையும் உண்டு. ஆனால் அதன் ஆசனத்தை ஏற்றி இறக்கும் பொறியை இயக்குவது, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றே கூடுதலான தடிப்புள்ள உருக்கு வயர் ஒன்றுதான். அந்த வயரின் விலை மிக அற்பமானது. அது அறுந்தால், சில வேளைகளில் மோட்டாரையே சட்டகத்திலிருந்து இறக்கிவிட்டுத்தான் அதன் உறையை மாற்ற முடிகிறது. வயரின் விலையைவிடப் பல மடங்கு அதிகமான தொகை திருத்துபவரின் கூலியாகப் போய்விடுகிறது.

இந்த வயர் 1896-ஆம் ஆண்டில் பிறந்தது. சிக்கலான இணைப்புகளுக்கு விடைகொடுத்து, எவரும் இலகுவில் பொருத்தவும் கழற்றவும் கூடிய ஒன்றைத் தருவதே அதன் பயனாக இருந்தது. அப்படிப் பிறந்த ஒன்று, நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எவ்வாறு கைக்கெட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். துவிச்சக்கரவண்டியின் பிறேக் வயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், றலி கம்பனியின் அதிபர் சேர் பிறாங்க் போடன் என்று பலரும் சொல்வர். 1902-ஆம் ஆண்டளவில் அவரே இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக வயரைப் புகுத்தினார் என்பது, நூல்களிலும் சஞ்சிகைகளிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட செய்தி. அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. கண்டுபிடித்தவர் ஏர்னஸ்ற் மொனிங்ரன் போடன் என்பவர். 1860-இல் பிறந்த அயர்லாந்துக்காரர், லண்டனில் வாழ்ந்தவர். 1896-இல் அவருக்கு இதற்கான பிரித்தானிய காப்புரிமம் கிடைத்தது. இரு போடன்களுக்கும் நெருங்கிய உறவு இருந்ததாகத் தெரியவில்லை. பெயர் ஒன்றாக இருந்துவிட்டதால், செல்வந்தரின் கணக்கில் மற்றவரின் புகழ் வரவு வைக்கப்பட்டுவிட்டது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதுமையல்ல. ஒருமுறை அச்சேறிவிட்ட பிழை, திருத்தம் வெளியான பின்னரும் ஆயுளுடன் வாழும்.

றலி அதிபரின் வரலாறும் சுவையானதுதான். ஹொங்கொங்கில் பொருளீட்டி, உடல்நலம் குன்றி இங்கிலாந்து திரும்பியவர் பிறாங்க் போடன். மருத்துவர் சைக்கிள் ஓடும்படி ஆலோசனை கூறினார். உடல் தேறியது. நொட்டிங்காம் நகரின் றலி வீதியில் இருந்த சிறு பட்டறையை 1880-களின் இறுதியில் வாங்கி, உலகப் புகழ்பெற்ற தொழிற்சாலையாக வளர்த்தெடுத்தார். அவர் திறமையான வணிகர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வயர் அவருடையதல்ல. 1900 ஜனவரியில் ஏர்னஸ்ற் போடன் றலி கம்பனிக்கு உரிமம் வழங்கினார் என்பதே பதிவாகியுள்ள உண்மை. தன்னுடைய பொருளுக்கு ஒருவர் தானே உரிமம் வாங்கவேண்டிய தேவை இருந்திராது.

இனி, அந்த வயரில் அப்படி என்ன புதுமை இருந்தது என்று பார்ப்போம். வயரை இழுத்து ஒன்றை அசைப்பது பழைய வித்தை. கிணற்றுக் கப்பியில் கயிறு செய்வதும் அதுவே. ஆனால் கயிறு நேர்கோட்டில்தான் இழுக்கும். வளைவு வேண்டுமாயின் ஒவ்வொரு வளைவிலும் கப்பி ஒன்று வைக்கவேண்டும். போடனின் அமைப்பில் இரு பகுதிகள் உண்டு. நெருக்கமாகச் சுருட்டப்பட்ட கம்பியாலான குழாய் போன்ற வெளியுறை ஒன்று. அதனுள்ளே வழுக்கிச் செல்லும் உள்வயர் மற்றொன்று. உறையின் இரு முனைகளும் அசையாதபடி பொருத்தப்படுகின்றன. உள்வயரை இழுக்கும்போது, அது எவ்வளவு வலுவுடன் இழுக்கிறதோ அவ்வளவு வலுவுடன் உறை எதிர்த்து நிற்கிறது. உறை இல்லாத வளைந்த வயரை இழுத்தால் அது நிமிர்ந்துகொள்ளும், வேறொன்றும் நடவாது. உறை அதனை நிமிரவிடாமல் தாங்குவதால், இழுவை வளைவுகளைக் கடந்து மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது. கப்பியும் வேண்டாம், மூட்டும் வேண்டாம். ஹாண்டிலைத் திருப்பினாலும் வயரும் கூடவே திரும்பும்.

ஆயினும், போடனின் பிறேக் உடனடியாக வெற்றி பெறவில்லை. 1896-இல் பத்திரிகைகள் ஆரவாரத்துடன் வரவேற்றன. சரியான விநியோக ஏற்பாடு இல்லாமையால் பலரும் அதைப் பிழையாகப் பொருத்தினர், முறைப்பாடுகள் எழுந்தன. இதைவிட அடிப்படையான காரணம் ஒன்றும் உண்டு. அக்காலச் சைக்கிள்களில் பின்சில்லுடன் மிதிகட்டை இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. சில்லு சுழலும்வரை மிதிகட்டையும் சுழலும். ஆகவே காலால் எதிர்த்து மிதித்தே வேகத்தைக் குறைக்கலாம். பிறேக் ஓர் உபரி வசதி மட்டுமே. 1899 முதல் 1901 வரையான காலத்தில், மிதிக்காமலே சில்லு உருளும் பல்லுச்சில்லு பொதுவழக்குக்கு வந்தது. காலுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் காலின் பிறேக் பறிபோயிற்று. அதன் பின்னர்தான் போடனின் வயருக்கு உண்மையான தேவை பிறந்தது. நொட்டிங்காமின் ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று வேகக் கியரை மாற்றுவதற்கும் அதே வயர் பயன்பட்டது. அதன் செழிப்பைக் காண ஏர்னஸ்ற் போடன் நெடுங்காலம் இருக்கவில்லை. 1904 ஏப்பிரலில் அவர் காலமானார். ஜேர்மானியர் இன்றும் அதனை ‘போடன்சூக்’ என்றே அழைக்கின்றனர். முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் பிளாஸ்ரிக் இழையைத் தள்ளிக் கொண்டுசெல்லும் குழாய்க்கும் ‘போடன் குழாய்’ என்றே பெயர். சொந்த நாட்டில் வேறொருவரின் பெயரோடு கலந்துவிட்டவர், அயல்மொழிச் சொற்களில் வாழ்கிறார்.

வயர் வந்த பின்னரும் எல்லாச் சைக்கிள்களும் அதற்கு மாறிவிடவில்லை. பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிய றலி, ஹம்பர் வகை உயரச் சைக்கிள்களில் கம்பிப் பிறேக்கே பல தசாப்தங்கள் நீடித்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தந்தையர் ஓடியதும் அதைத்தான். ஹாண்டிலின் கீழே படுத்திருக்கும் கம்பியை மேலே இழுத்தால், மூட்டுகளின் வழியே இழுவை இறங்கி, சில்லின் வளையத்தை இறப்பர்க் கட்டைகள் உட்புறமாகப் பற்றும். பாரம் அதிகம், ஆனால் ஒளிவு மறைவு எதுவுமில்லை. எது வளைந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்பதைத் தெருவில் நின்றபடியே பார்க்கலாம். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்தலாம்.

1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அதன் அருமையை நம்மவர் நன்கு உணர்ந்தனர். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, வானொலிக்குப் போடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. பின்னேரங்களில் பி.பி.சி. தமிழோசை கேட்பதற்காக எத்தனை சில்லுகள் சுழன்றன என்பதை அக்காலத்தவர் அறிவர். திருத்தக்கூடிய பொருள் ஒன்று கையில் இருப்பதற்கும், திருத்தமுடியாத பொருள் ஒன்று கையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, கடையில் எல்லாமே கிடைக்கும் நாடுகளில் வாழ்பவர்களுக்கு விளக்குவது கடினம்.

இது இவ்வாறிருக்க, கடலுக்கு அப்பால் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கேயுள்ள தமல்பையஸ் மலைச்சாரலில் 1970-களின் நடுப்பகுதியில் இளைஞர் சிலர் பழைய பாரச் சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் தலைதெறிக்க இறங்கி விளையாடினர். 1976 ஒக்ரோபர் 21-ஆம் திகதி முதலாவது பந்தயம் நடந்தது. பாதையின் பெயர் ‘றீபாக்’. அந்தப் பெயருக்குக் காரணம் பிறேக்தான். மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லின் குடத்துக்குள்ளேயே பற்றும் பழைய வகைப் பிறேக் அச்சைக்கிள்களில் இருந்தது. ஒருமுறை அடிவாரம் வந்து சேர்வதற்குள் குடம் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகையாகப் போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு முன்னர் கிறீஸை மறுபடியும் அடைக்கவேண்டும். மறுபடி அடைத்தல் என்பதே அப்பெயரின் பொருள். நாளடைவில் அவர்கள் மோட்டார் சைக்கிளின் பிறேக் நெம்புகளையும் தடித்த வயர்களையும் தேடியெடுத்துப் பொருத்தத் தொடங்கினர். போடனின் வயர் மலையேறிய விதம் இதுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜோ பிறீஸ். மலைப்பாதைக்கென்றே புதிதாக வடிவமைத்து 1977-இல் அவர் செய்த முதலாவது சைக்கிள் வாஷிங்ரனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அமெரிக்க வரலாற்று அரும்பொருளகத்தைச் சென்றடைந்தது. மலையிறக்கத்தில் அவர்கள் எதிர்கொண்ட மற்றொரு தொல்லை ஆசனத்தின் உயரம். மிதிப்பதற்கு ஆசனம் உயரமாக இருக்கவேண்டும். அப்போதுதான் கால் நன்றாக நீளும். செங்குத்தான இறக்கத்திலோ அதே உயரம் ஆபத்தானது. உடலைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோக இயலாமல், முன்சில்லின் மேலாகத் தூக்கி எறியப்பட நேரும். ஆகவே உச்சியில் இறங்கி, ஆசனத்தைப் பதித்து, அடிவாரத்தில் மறுபடியும் இறங்கி, உயர்த்துவது வழக்கமாயிற்று. இதற்கு 1980-களின் நடுப்பகுதியில் பிறீஸும் ஜோஷ் ஏஞ்சல் என்பவரும் ஒரு வழி கண்டனர். ‘ஹைற்றைற்’ என்ற பெயருடைய அது வெறும் வில் ஒன்றுதான். ஆசனத்தண்டுக்கும் சட்டகத்துக்கும் இடையே அதைப் பொருத்தி, பூட்டு நெம்பைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தால் ஆசனம் தாழும். எழுந்தால் வில் அதனை உயர்த்தும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையைத் தொடைக்குக் கீழே விட்டுச் செய்யவேண்டிய வேலை அது. துணிந்தவர்கள் செய்தனர்.

அந்தக் கையை ஹாண்டிலிலேயே இருக்கவிடுவதற்கு மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 2000-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் சிறு நிறுவனங்கள் சில, வயரால் இயக்கப்படும் ஆசனத்தண்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ‘டிரொப்பர் போஸ்ற்’ என்று இன்று அழைக்கப்படுவது இதுவே. தண்டுக்குள்ளே இன்னொரு தண்டு; அடியில் அழுத்திய வாயு அல்லது வில்; இடையில் ஒரு பூட்டு. பெருவிரலால் நெம்பை அழுத்தும்போது வயர் அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஆசனத்தைக் கீழே அமிழ்த்துவது ஓடுபவரின் உடற்பாரம். மேலே தூக்குவது வாயு. வயர் கதவு திறப்பவன் மட்டுமே. அதனால் பிறேக் வயர் தாங்கும் பாரம் எதுவும் இதற்கில்லை. கியர் மாற்றும் மெல்லிய வயரே இங்கும் போதுமானது.

2010-இல் றொக்‌ஷொக்ஸ் நிறுவனம் ‘றிவேர்ப்’ என்ற தண்டை வெளியிட்டது. அதில் வயரே இல்லை, எண்ணெய் அழுத்தம்தான். இயக்கம் மிருதுவானது என்று பாராட்டப்பட்டது. எனினும் குழாயினுள் காற்றுப் புகுந்தால் அதை வெளியேற்றுவதற்கு ஊசிக்குழலும் எண்ணெயும் பயிற்சியும் வேண்டும். போட்டி நிறுவனங்கள் பல வயரையே பிடித்துக்கொண்டன. வாங்குபவர்களில் பெருந்தொகையினரும் அப்பக்கமே சாய்ந்தனர். அறுந்தால் வீட்டிலேயே மாற்றலாம் என்ற ஒரே வசதிதான் வயரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். 2022 மார்ச் 19-ஆம் திகதி நடந்த மிலான் – சான்ரெமோ வீதிப் பந்தயத்தில், சுலோவேனிய வீரர் மத்தேய் மொஹோரிச், பொஜ்ஜியோ குன்றின் இறக்கத்தில் இத்தகைய தண்டைத் தாழ்த்தி ஏனையோரைப் பின்தள்ளி வெற்றிபெற்றபோது, மலைச் சைக்கிளை அறியாதவர்களும் இதன் பெயரை அறிந்துகொண்டனர்.

ஆனால் வயர் வென்ற அதே ஆண்டுகளில் வயரின் வழி மாறியது. தொடக்கத்தில் அது சட்டகத்தின் வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி ஓடியது. தண்டு ஏறி இறங்கும்போது வெளியே தொங்கும் வயர் காலில் உரசியது, கிளைகளில் சிக்கியது. ஆகவே அதனைச் சட்டகக் குழாயினுள்ளே மறைத்து, தண்டின் அடிப்பாகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். அதில் நியாயமும் உண்டு, அழகும் உண்டு. அதே காலத்தில் மின்சார மலைச் சைக்கிள் வந்தது. போஷ் நிறுவனம் 2010-இல் தன் சைக்கிள் மோட்டாரை அறிமுகப்படுத்தியதிலிருந்து இவ்வகை வேகமாகப் பெருகியது. அந்த மோட்டார் உட்கார்ந்திருக்கும் இடம் மிதிகட்டைகளின் அச்சு. ஹாண்டிலிலிருந்து கீழ்க்குழாய் வழியாக வரும் உறை, ஆசனக் குழாய்க்குள் ஏறுவதற்குக் கடக்கவேண்டிய சந்தியும் அதுவே. மின்கலமும் கீழ்க்குழாயினுள்ளேயே குடியேறியதால், உறைக்கு எஞ்சியது ஓர் ஒடுங்கிய இடுக்கு மாத்திரம். அண்மைய ஆண்டுகளில் சில உற்பத்தியாளர்கள் இதனோடும் நிற்காது, உறைகளை ஹாண்டில் சுழலும் குண்டுப்போதிகையின் ஊடாகவே நுழைத்துவிட்டனர். விற்பனைக் கூடத்தில் வண்டி மிகத் துப்புரவாகத் தோன்றுகிறது. பட்டறையில் நிற்பவனின் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வயர் அறுந்தால் பூட்டுத் திறக்காது. ஆசனம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கேயே நிற்கும். இறக்கத்தின் அடியில், தாழ்த்திய ஆசனத்தோடு அது நேர்ந்தால், இருபத்துநான்கு கிலோ அளவிலான வண்டியை முழங்கால் மடிந்தபடி மேலே கொண்டுபோகவேண்டும். மோட்டார் உதவும்; முழங்கால் மன்னிக்காது. பெரும்பாலும் வயர் திடீரென அறுவதில்லை. நெம்பு நாளுக்கு நாள் இறுகிவரும். ஆசனம் மெதுவாக எழும். நெம்பின் அருகிலோ தண்டின் அடியிலோ வளைவான இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக விடுபடத் தொடங்கிவிட்டன, அல்லது உறைக்குள் தண்ணீரும் சேறும் புகுந்துவிட்டன என்பதே அதன் பொருள்.

இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துவைத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். உள்வயர் வேறு, உறை வேறு. நெம்பிலிருந்து தண்டின் அடிவரை உறை பொதுவாக ஒரே துண்டாகவே ஓடுகிறது. உறை பழுதின்றி இருந்தால் உள்வயரை மாத்திரம் உருவிவிட்டுப் புதியதை உள்ளே தள்ளலாம். மோட்டாரைத் தொடவேண்டிய தேவையே இல்லை. ஹாண்டில் பக்கமிருந்து உறையை உள்ளே தள்ளிக்கொடுத்தபடி ஆசனத்தண்டை மெதுவாக வெளியே எடுத்தால், அடியிலுள்ள பூட்டு கைக்கு வந்துவிடும். அரைமணி நேர வேலை. வயரின் குமிழ் முனை நெம்புப் பக்கம் இருக்கவேண்டுமா, தண்டுப் பக்கம் இருக்கவேண்டுமா என்பது தண்டுக்குத் தண்டு வேறுபடும். பழையதைக் கழற்றும்போதே கவனித்துக்கொள்ள வேண்டும். பொருத்தியபின் வயர் மிதமிஞ்சி இறுகியிருந்தால் பூட்டு முழுமையாக மூடாது. ஆசனம் தானாகவே நகரும். தளர்ந்திருந்தால் நெம்பை அழுத்தியும் திறக்காது.

உறையே நைந்திருந்தால்தான் சிக்கல். அப்போதும் பழைய உறையை வெறுமனே உருவி எடுத்துவிடக்கூடாது. இரு உறைகளின் முனைகளையும் சிறு இணைப்பூசியால் பிணைத்து, பழையதை இழுக்க, புதியது பின்தொடர்ந்து உள்ளே வரும்படி செய்யவேண்டும். பழையதை முதலில் எடுத்துவிட்டால், இருட்டுக் குழாயினுள் வழி தேடி மோட்டாரை இறக்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லாமல் போகலாம். மோட்டாரில் கைவைப்பதாயின், முதலில் வண்டியை நிறுத்தி மின்கலத்தைக் கழற்றிவிடுவது கட்டாயம். மறுபடி ஏற்றும்போது உறை மோட்டாருக்கும் சட்டகத்துக்கும் இடையில் நசிபடாமல் பார்க்கவேண்டும். புத்தம்புதிய வண்டிகளிலேயே நெம்பு இறுகி நிற்பதற்கு இந்த நசிவு காரணமாக இருப்பதுண்டு.

உறை வாங்கும்போதும் கவனம் தேவை. 1984-இல் ஷிமானோ நிறுவனம் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு கியர் என்ற முறையை ஓட்டப்பந்தயச் சைக்கிளில் கொண்டுவந்தபின், போடனின் சுருள் உறை அதற்குப் போதாமற்போயிற்று. இழுவையின்போது சுருள் மயிரிழையளவு குறுகும். பிறேக்குக்கு அது பொருட்டல்ல. சொடுக்குக் கியருக்கு அது பிழையான பல்லில் கொண்டுபோய் விடும். ஆகவே நீளவாக்கில் கம்பிகளை அடுக்கிய புதிய உறை வந்தது. ஆசனத்தண்டுக்கும் இதுவே உகந்தது. ஆனால் இதனை எக்காரணம் கொண்டும் பிறேக்குக்குப் பயன்படுத்தக்கூடாது. பிறேக்கின் வலுவான இழுவையில் அதன் கம்பிகள் பிதுங்கி உறை வெடித்துவிடும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

2019-இல் அதே றொக்‌ஷொக்ஸ் நிறுவனம் வயரும் எண்ணெயும் இல்லாத, வானலையால் இயங்கும் தண்டை விற்பனைக்கு விட்டது. உறை நுழைக்கும் தொல்லை இல்லை. விலைதான் பல மடங்கு. அதற்கென்று தனியாக ஒரு மின்கலமும் உண்டு. மின்கலங்களைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கியிருக்கிறது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய ஒழுங்குவிதி, மின்சாரச் சைக்கிள் போன்ற இலகு வாகனங்களின் மின்கலத்தை 2027 பெப்ரவரி முதல் உற்பத்தியாளரைச் சாராத திருத்துநரும் கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்கவேண்டும் என்கிறது. அந்த மின்கலத்தை ஒட்டி ஓடும் உறையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆகவே புதிய வண்டி வாங்கப்போகும் அன்பர்கள், விலையையும் மின்கலத்தின் கொள்ளளவையும் கேட்பதோடு, ஆசனத்தண்டின் உறையை மாற்ற மோட்டாரை இறக்கவேண்டுமா என்றும் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் உடனே பதில் சொல்லாமல் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தால், அங்கே வேலை செய்பவரிடமே நேரில் போய்க் கேட்பது நல்லது.